மேல்நிலை வகுப்புகளில் பௌதிகக் கல்வி

(மேல்சித்தாமூரில் மாணவரும் பெற்றோரும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஜினகாஞ்சித் திருமடம் விளங்குவதும், பார்சுவநாதர் ஆலயத்தாலும் மலைநாதர் கோயிலின் பாறைச் சிற்பங்களாலும் தமிழ்நாட்டுச் சமண சரித்திரத்தில் அழியாத இடம் பெற்றதுமான இவ்வூரில், சமயத்தைப் பற்றியோ இலக்கியத்தைப் பற்றியோ அல்லாமல் பௌதிகத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று என்னை அழைத்த அன்பர்களின் கருத்தை நான் நன்கு உணர்ந்திருக்கிறேன். செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நாள்தோறும் பஸ் ஏறிச் சென்று படித்து வரும் இந்த வட்டாரத்துப் பிள்ளைகள், பத்தாம் வகுப்பைத் தாண்டியவுடன் எந்தப் பிரிவில் சேருவது என்ற கேள்வி எழும்போது, பௌதிகம் கடினம், மார்க்கைக் குறைத்துவிடும் என்று யாரோ சொல்லக் கேட்டு ஒதுங்கிவிடுவதும், ஒதுங்காமல் சேர்ந்தவர்களிலும் பலர் இரண்டு வருஷத்தையும் ஒருவித அச்சத்தோடே கழித்துவிட்டு வெளியேறுவதும் அவர்களுடைய மனத்தை வருத்தியிருக்கின்றன. நெடுங்காலம் இந்த ஜில்லாவின் பள்ளிகளில் இப்பாடத்தைக் கற்பித்தவன் என்ற முறையில் அந்த வருத்தத்தில் எனக்கும் பங்குண்டு. இவ்விரண்டு வருஷப் படிப்பின் சாரம், உலகத்தை அளந்து பார்ப்பதிலும், அளந்ததை உள்ளது உள்ளபடி எழுதி வைப்பதிலும் இருக்கிறது. சூத்திரங்களும் வருவித்தல்களும் கணக்குகளும் அதன் பின்னாலேயே வருகின்றன. இந்த வரிசை தலைகீழாகிவிட்டதால்தான் நம் பிள்ளைகளுக்கு இந்த அச்சம் பிடித்திருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

பிளஸ் டூ என்று நாம் வழங்கும் ஏற்பாடு மிகப் பழமையானதன்று. நம் பாட்டனார் காலத்தில் பள்ளி இறுதித் தேர்வுக்குப் பிறகு கல்லூரிக்குப் போய் இண்டர்மீடியட் என்று இரண்டு வருஷம் படித்தார்கள். பின்பு அது புகுமுக வகுப்பு என்ற ஒரே வருஷமாகச் சுருங்கிற்று. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய அகில இந்தியக் கல்விக் குழு, பத்து வருஷப் பொதுக்கல்வி, இரண்டு வருஷ மேல்நிலைக் கல்வி, மூன்று வருஷப் பட்டக்கல்வி என்று வகுத்துக் கொடுத்த முறை தமிழ்நாட்டில் 1978-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அந்தக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் தௌலத் சிங் கோத்தாரி. அவர் 1906-இல் உதயபூரில் ஒரு சமணக் குடும்பத்தில் பிறந்து, அலகாபாத்தில் மேகநாத் சாஹாவிடம் பயின்று, கேம்பிரிட்ஜில் ரூதர்போர்டின் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி செய்து திரும்பிய பௌதிகப் பேராசிரியர் என்பது இவ்வவையில் விசேஷமாக நினைத்துப் பார்க்கத் தக்கது. அந்த மாறுதலால் விளைந்த நன்மை பெரிது. அதற்கு முன் இந்தக் கிராமத்துப் பிள்ளை ஒருவன் நிறமாலைமானி என்ற கருவியைக் கண்ணால் காண வேண்டுமானால், கல்லூரி இருக்கும் பட்டணத்துக்குப் போய் ஹாஸ்டலில் தங்க வேண்டியிருந்தது. பெண் குழந்தைகளின் கதியைச் சொல்லவே வேண்டியதில்லை. மேல்நிலைப் பள்ளிகள் பெருகப் பெருக, பௌதிக ஆய்வுக்கூடம் பஸ் போய்த் திரும்பும் தூரத்துக்கு வந்து சேர்ந்தது.

ஆனால் வந்து சேர்ந்த கூடத்தை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம்? இன்றைய முறையில் பௌதிகத்துக்கு உரிய 100 மார்க்கில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்று வகுத்த பங்கீட்டைப் பார்த்துவிட்டு, பிராக்டிகல் மார்க் எப்படியும் வந்துவிடும், எழுபதுக்குத்தான் உழைக்க வேண்டும் என்று ஆசிரியர், மாணவர், பெற்றோர் ஆகிய மூவரும் சொல்லாமலே உடன்பட்டுவிட்ட பள்ளிகள் பல உண்டு. அங்கே ரெக்கார்டு நோட்டு அழகாக இருக்கும். அட்டை போட்டு, படம் வரைந்து, அடிக்கோடிட்டு, முந்திய ஆண்டு மாணவனின் நோட்டிலிருந்து அளவுகள் அப்படியே இறங்கியிருக்கும். கருவி அலமாரியில் பூட்டிக் கிடக்கும்.

பதினோராம் வகுப்பில் செய்யும் தனி ஊசல் சோதனையை எடுத்துக்கொள்வோம். பள்ளி முழுவதிலும் இதைவிட எளிய சோதனை கிடையாது. ஒரு தாங்கி, பிளவுபட்ட இரண்டு தக்கைத் துண்டுகளின் நடுவே பிடிக்கப்பட்ட நூல், நூலின் நுனியில் ஓர் உலோகக் குண்டு, ஒரு நிறுத்துக் கடிகாரம், இவ்வளவே சாமான். நூலின் நீளத்தை மாற்றி மாற்றி, 20 அலைவுகளுக்கு ஆகும் காலத்தைக் குறித்து, அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். ஏன் 20 அலைவு, ஒன்றே ஒன்றை அளந்தால் போதாதா என்று ஒரு பெண் ஒரு முறை என்னிடம் கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல், ஒரே அலைவை ஐந்து முறை அளந்து பார்க்கும்படி அவளிடமே கடிகாரத்தைக் கொடுத்தேன். 1 மீட்டர் நீளமுள்ள ஊசலுக்கு அலைவு நேரம் 2 விநாடிக்கு மிகச் சற்றே அதிகம். அவளுக்கோ ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விடை வந்தது. கண் பார்த்துக் கை அழுத்துவதற்குள் சுமார் 0.2 விநாடி முன்பின் ஆகிவிடுகிறது. இரண்டு விநாடியில் 0.2 என்றால் நூற்றுக்குப் பத்து பிழை. சூத்திரத்தில் காலத்தின் வர்க்கம் வருவதால் முடிவில் அது நூற்றுக்கு இருபதாகப் பெருகும். இருபது அலைவுக்குச் சேர்த்து 40 விநாடியை அளந்தால், அதே 0.2 விநாடிப் பிழை நூற்றுக்கு அரையாகச் சுருங்கிப்போகும். அவள் தானாகவே இதைக் கணக்கிட்டுச் சொன்ன பிறகு, குண்டு எந்த இடத்தைக் கடக்கும்போது எண்ணத் தொடங்குவது நல்லது என்ற அடுத்த கேள்வியும் அவளிடமிருந்தே வந்தது. அலைவின் இரு ஓரங்களிலும் குண்டு தயங்கித் தயங்கித் திரும்புவதால் திரும்பும் கணம் கண்ணுக்குத் தெளிவாகப் புலப்படுவதில்லை. நடுவிடத்தில் அது மிக வேகமாகப் போவதால், அங்கே மேசையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு கிழித்து வைத்துக்கொண்டு, குண்டு அதைக் கடக்கும் கணத்தில் "சைபர்" என்று தொடங்கி எண்ண வேண்டும். "ஒன்று" என்று தொடங்கியவர்களுக்கு அலைவு ஒன்று குறைந்துபோகும். பாடநூலில் இவை ஒரு வரியில் அடங்கிவிடும். அந்த ஒரு வரியைக் கையால் கண்டுபிடித்த பிள்ளைக்கு, பிழையின் அளவை மதிப்பிடுவது எப்படி என்ற விஷயத்தை மறுபடி ஒருவர் போதிக்க வேண்டிய அவசியமில்லை.

இனி விடையைப் பார்ப்போம். புத்தகத்தில் 9.8 என்று இருக்கிறது. மாணவனுக்கு 9.6 வருகிறது, அல்லது 9.9 வருகிறது. உடனே அவன் செய்வது என்ன? ரப்பரை எடுத்து, காலத்தை அரை விநாடி கூட்டியோ குறைத்தோ, 9.8 வரும்படி செய்துவிடுகிறான். இதற்காக அவனை மாத்திரம் நான் குறை கூற மாட்டேன்; 9.6 எழுதியவனுக்கு மார்க்கைக் குறைத்து, 9.8 எழுதியவனுக்கு முழு மார்க்கும் கொடுத்தவர்களே அவனுக்கு இந்தப் பொய்யைக் கற்பித்தார்கள். இந்த இடத்தில் ஒரு பழைய செய்தியைச் சொல்ல வேண்டும். 1821-ஆம் ஆண்டில், சென்னை வானாராய்ச்சி நிலையத்தின் தலைவராக இருந்த கோல்டிங்ஹாம் என்பவர், ஒரு விநாடிக்கு ஒரு வீச்சு வீசும் ஊசலின் நீளம் சென்னையில் எவ்வளவு என்று மிகுந்த சிரத்தையோடு அளந்தார். லண்டனில் அந்த நீளம் 39.14 அங்குலம் என்று கேட்டர் என்பவர் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே கண்டிருந்தார். சென்னையில் அது 39.03 அங்குலமே இருந்தது. வித்தியாசம் ஓர் அங்குலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. பூமி உருண்டையாயினும் துருவங்களில் சற்றே தட்டையாகவும் நடுவில் சற்றே பருத்தும் இருப்பதாலும், தன்னைத் தானே சுற்றுவதாலும், பூமத்திய ரேகைக்கு அண்மையில் ஈர்ப்பு முடுக்கம் குறைகிறது, லண்டனில் 9.81 ஆக இருப்பது நம் ஊரில் 9.78 தான். கோல்டிங்ஹாம் லண்டன் கணக்கோடு ஒத்துப்போகும்படி தம் அளவைத் திருத்தியிருந்தால், பூமியின் வடிவத்தைப் பற்றி அந்த ஊசல் சொல்ல வந்த செய்தி அழிந்துபோயிருக்கும். நூலும் குண்டும் கொண்ட பள்ளிச் சோதனைக்கு இவ்வளவு நுட்பம் எட்டாதுதான். ஆயினும் அளவைத் திருத்தலாகாது என்ற தர்மம் இரண்டுக்கும் ஒன்றே.

இதே முறையில் இன்னோர் உதாரணமும் உண்டு. சென்னை மாகாணக் கல்லூரியில் எம்.ஏ. வகுப்பில் படித்துக்கொண்டிருந்த சந்திரசேகர வெங்கட ராமன் என்ற இளைஞர், சாதாரணக் கல்லூரி நிறமாலைமானியில் ஒரு முப்பட்டகத்தின் கோணத்தை அளந்துகொண்டிருந்தார். பன்னிரண்டாம் வகுப்பில் மாணவர்களாகிய நீங்கள் செய்யப்போகும் அதே சோதனைதான் அது. முப்பட்டகத்தின் முனை ஒளி வரும் திசையை நோக்கியிருக்கும்படி வைத்து, இரு முகங்களிலிருந்தும் பிரதிபலித்து வரும் பிளவின் பிம்பத்தைத் தொலைநோக்கியில் இருபுறமும் பிடித்து, வெர்னியரில் பாகை, கலை என்று படித்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை எடுத்தால் கோணம் கிடைத்துவிடும். ஆயிரமாயிரம் மாணவர்கள் அந்தப் பாதியை எடுத்து எழுதிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். ராமனோ, ஒளி மிகச் சாய்வாக விழும்போது பிம்பத்தின் இருபுறமும் தோன்றும் விளிம்பு விளைவுப் பட்டைகள் ஒன்றுக்கொன்று சமச்சீராக இல்லாததைக் கவனித்தார். அது பற்றி அவர் எழுதிய கட்டுரை 1906 நவம்பரில் இங்கிலாந்தின் பிலாசபிகல் மாகஸீன் என்ற பத்திரிகையில் வெளிவந்தபோது அவருக்கு வயது பதினெட்டு. உங்களைவிட இரண்டு வயதோ மூன்று வயதோ மூத்தவர். 1928-இல் கண்ட ராமன் விளைவையும் 1930-இல் கிடைத்த நோபல் பரிசையும் எல்லாரும் அறிவோம்; பள்ளிப் பிள்ளைகளுக்கு அவற்றைக் காட்டிலும் நான் எடுத்துச் சொல்ல விரும்புவது 1906-ஐத்தான். ராமனுடன் கல்கத்தாவில் உழைத்த கே. எஸ். கிருஷ்ணன், வத்திராயிருப்பு என்ற கிராமத்தில் பிறந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிப் படிப்பை முடித்தவர். நாடு முழுவதற்கும் நீளம், நிறை, காலம் முதலிய அளவைகளின் பிரமாணத்தைக் காக்கும் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்துக்கு முதல் இயக்குநராக விளங்கியவரும் அவரே.

இரண்டு வருஷப் பாடத்தின் அமைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் வருஷத்தில் இயக்கம், விசை, ஆற்றல், ஈர்ப்பு, வெப்பம், அலைவு, அலை. இரண்டாம் வருஷத்தில் மின்னியல், காந்தவியல், ஒளியியல், அணு, எலக்ட்ரானியல். முதலாண்டுப் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு, இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே திரும்பத் திரும்ப மனனம் செய்விக்கும் வழக்கம் சில காலம் பரவிக் கிடந்தது. 2017-18 கல்வியாண்டில் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். பொதுத்தேர்வு இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதலாண்டைத் தாவிச் சென்றவனுக்கு இரண்டாமாண்டு புரியாது. காந்தப் புலத்தில் மின்னூட்டமுள்ள துகள் வட்டமாகச் சுழல்வது ஏன் என்ற பாடத்தில் பாதி, பதினோராம் வகுப்பில் படித்த மையநோக்கு விசையே. மின்தூண்டியும் மின்தேக்கியும் சேர்ந்த சுற்றில் ஆற்றல் முன்னும் பின்னுமாகப் போய்வருவது, சுருள்வில்லில் தொங்கும் எடை ஆடுவதன் மறு உருவம். அதே சமன்பாடு, எழுத்துகள் மாத்திரம் வேறு. வருவித்தல்களை நெட்டுருப் போட்டு வருகிற பிள்ளையிடம், நான்காவது வரியிலிருந்து ஐந்தாவது வரி எப்படி வந்தது என்று கேட்டால் அவன் மறுபடி முதல் வரியிலிருந்து ஒப்பிக்கத் தொடங்குகிறான். வழியில் ஓர் ஊர் விட்டுப்போனாலும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தாக வேண்டிய பிரயாணியின் நிலை அது. இந்த நோய்க்கு மருந்து கணிதம். வகையீடும் தொகையீடும் கணித வகுப்பில் நடத்தப்படுவதற்கு முன்பே பௌதிக வகுப்பில் தேவைப்பட்டுவிடுகின்றன என்பது ஆசிரியர்கள் எல்லாரும் அறிந்த சங்கடம். பதினோராம் வகுப்பு தொடங்குமுன் வரும் கோடை விடுமுறையில், வரைபடம் ஒன்றின் சாய்வு என்பது என்ன, அதன் கீழுள்ள பரப்பு என்பது என்ன என்ற இரண்டை மட்டும் வரைபடத் தாளில் கட்டம் எண்ணிப் பழகிக்கொள்ளும்படி நான் சொல்லுவேன். அதுவே முதல் ஆறு மாதத்துக்குப் போதும்.

நுழைவுத் தேர்வுகளைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. அவை இருக்கின்றன, எழுதத்தான் வேண்டும், நீட் தேர்வையும் ஜே.இ.இ. முதன்மைத் தேர்வையும் தமிழிலேயே எழுத இன்று வழி இருக்கிறது. தமிழ்வழியில் பௌதிகம் படித்தால் பின்னால் கஷ்டம் என்ற பேச்சுக்கு மட்டும் ஒரு வார்த்தை. 1916-ஆம் ஆண்டிலேயே சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் சேர்ந்து சாஸ்திரங்களைத் தமிழில் சொல்வதற்கென்று ஒரு சங்கமும் அதற்கொரு பத்திரிகையும் தொடங்கினார்கள். பெ. நா. அப்புஸ்வாமி தம் நீண்ட ஆயுளின் பெரும்பகுதியை விஞ்ஞானத்தைத் தமிழில் எழுதுவதற்கு அர்ப்பணித்தார். கோயம்புத்தூரிலிருந்து 1948 முதல் கலைக்கதிர் என்ற விஞ்ஞானப் பத்திரிகை வெளிவந்தது. நூறாண்டு உழைப்பால் செப்பனிடப்பட்ட பாதை இது. தமிழில் தெளிவாக விளங்கிய விஷயத்தை வேறு பாஷையில் சொல்லப் பழகுவதற்கு மூன்று மாதம் போதும். எந்த பாஷையிலும் விளங்காத விஷயத்துக்குத்தான் மருந்தில்லை.

இந்த ஊரில் பேசுகிறபோது சமணரின் ஆருகத சாஸ்திரத்தைத் தொடாமல் போவது முறையாகாது. சீவன், புத்கலம், தர்மம், அதர்மம், ஆகாயம், காலம் என்று ஆறு திரவியங்களைச் சொல்லும் அந்தத் தத்துவத்தில், தர்மம் என்பது இங்கே அறத்தைக் குறிப்பதன்று. பொருள்கள் இயங்குவதற்கு உதவியாக நிற்பது அது. நிலைத்திருப்பதற்கு உதவியாக நிற்பது அதர்மம். நீர் மீனைத் தள்ளுவதில்லை. ஆனால் நீரின்றி மீன் நீந்த முடியாது என்று பெரியோர்கள் இதை விளக்குவார்கள். கிரேக்க அரிஸ்டாட்டில், நிலைத்திருப்பதே பொருளின் இயல்பு, இயங்குவதற்கு மட்டுமே காரணம் வேண்டும் என்று கருதினார். அந்தக் கருத்து ஐரோப்பாவை இரண்டாயிரம் வருஷம் கட்டிப் போட்டிருந்தது. நம் சமணப் பெரியோர்களோ இயக்கத்தையும் நிலையையும் சம அந்தஸ்தில் வைத்து, இரண்டுக்கும் ஒரே மாதிரி விளக்கம் தேடினார்கள். சீரான இயக்கத்துக்கும் நிலைக்கும் காரணமே வேண்டியதில்லை, மாறுதலுக்கு மட்டுமே விசை வேண்டும் என்ற முடிவுக்குப் பதினேழாம் நூற்றாண்டில் கலிலியோவும் நியூட்டனும் வந்து சேர்ந்தார்கள். இதைக் கொண்டு நியூட்டன் விதி நம் சுவடிகளிலேயே இருக்கிறது என்று மார்தட்டுவது பிழை. அந்தப் பெரியோர்கள் சாய்தளத்தில் குண்டை உருட்டிக் காலத்தை அளக்கவில்லை. ஆனால் இயக்கம் என்பது எப்படிச் சாத்தியமாகிறது என்ற கேள்வி இந்த மண்ணில் ஆழமாகக் கேட்கப்பட்டிருக்கிறது. பதினோராம் வகுப்பில் நிலைமம் என்ற பாடத்தை நடத்தும் ஆசிரியர் இந்த ஊர்ப் பிள்ளைகளிடம் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம். மேலே சொன்ன கோத்தாரி, எந்தக் கூற்றும் ஒரு நோக்கில் மட்டுமே உண்மை என்னும் சமணரின் சியாத்வாதத்தையும், ஒளி அலையாகவும் துகளாகவும் தோன்றுவதை விளக்க நீல்ஸ் போர் சொன்ன தத்துவத்தையும் பக்கத்தில் வைத்து ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஒப்புமை சிந்தனையைத் தூண்டும், நிரூபணம் ஆகாது. அதை அறிந்தே அவர் எழுதினார்.

பெண் குழந்தைகளைப் பெற்றவர்களுக்கு நீலகேசி என்ற சமணக் காவியத்தை நினைவூட்டுகிறேன். அ. சக்கரவர்த்தி நயினார் 1936-இல் வாமன முனிவரின் உரையோடு பதிப்பித்து வெளியிட்ட அந்தக் காவியத்தின் தலைவி, பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வைதிகர், பூதவாதி என்று ஒவ்வொரு கொள்கையினரையும் தேடிச் சென்று, உங்கள் முடிவுக்குப் பிரமாணம் என்ன என்று கேட்டு வாதிட்டவள். அத்தகைய ஒரு பாத்திரத்தைப் படைத்து, ஓலையில் காப்பாற்றி வைத்திருந்த சமூகத்தில், பெண் பிள்ளைக்குப் பௌதிகம் எதற்கு, சுலபமான பிரிவில் போடுங்கள் என்ற பேச்சு எழுவது எனக்கு மிகுந்த துக்கத்தைத் தருகிறது. நான் கற்பித்த வகுப்புகளில் கால்வனாமீட்டரின் முள் நடுங்குவது நிற்கும்வரை பொறுத்திருந்து அளவெடுத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

பௌதிகம் ஆய்வுக்கூடத்துக்குள் மட்டும் அடங்கிக் கிடப்பதன்று. இவ்வூர்த் தேர் நிலையிலிருந்து புறப்படும் முதல் கணத்தைக் கவனியுங்கள். நூற்றுக்கணக்கானோர் வடம் பிடித்து இழுத்தும் அசையாமல் நின்ற தேர், அசைந்த பிறகு அதைவிடக் குறைந்த பலத்துக்கே நகர்ந்து வருகிறது. நிலை உராய்வு இயக்க உராய்வைவிடப் பெரிது என்ற பாடம் அது. முட்டுக்கட்டை போடுகிறவர் ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் கட்டையைக் கொடுத்ததும் தேர் அந்தப் பக்கமாகத் திரும்புகிறதே, அது விசையின் திருப்புத்திறன். உயரமான தேர் மேடுபள்ளத்தில் சாயும்போது, புவியீர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக் கோடு சக்கரங்களுக்கு இடையே விழுகிறவரையில்தான் அபாயமில்லை. முட்டுக்கட்டைக்காரர் இந்தச் சூத்திரத்தை எழுதிப் பார்த்ததில்லை, ஆனால் அவருடைய கண் அதை அறியும். பிள்ளைகள் அவரிடம் போய்ப் பேசிக் கேட்டு, அவர் சொல்வதைத் தம் நோட்டில் எழுதிக்கொண்டு வர வேண்டும்.

முடிவாக ஒரு பிரேரணையை இந்த அவையின் முன் வைக்கிறேன். 1648-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ஆம் நாள், பிரான்ஸ் தேசத்தில், பாஸ்கல் என்ற மேதையின் வேண்டுகோளுக்கு இணங்கி அவருடைய மைத்துனர் பெரியே, பாதரசம் நிரப்பிய கண்ணாடிக் குழாயோடு பூய் தெ தோம் என்ற மலையின் மேல் ஏறினார். அடிவாரத்தில் இருந்ததைவிட உச்சியில் பாதரசம் 8 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தது. நம்மைச் சூழ்ந்திருக்கும் காற்றுக்கு எடை உண்டு, மேலே செல்லச் செல்ல நம் தலைமீதுள்ள காற்று குறைகிறது என்பது அன்றைக்குத் தெளிவாயிற்று. நமக்கு அவ்வளவு பெரிய மலை வேண்டியதில்லை. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி தரையிலிருந்து ஏறத்தாழ 800 அடி, அதாவது 240 மீட்டர் உயரம். நம் ஊர்க் காற்றின் அடர்த்தியை ஒரு கன மீட்டருக்கு 1.15 கிலோகிராம் என்று வைத்துக்கொண்டு பெருக்கிப் பார்த்தால், உச்சியில் காற்றழுத்தம் சுமார் 27 ஹெக்டோபாஸ்கல் குறைய வேண்டும். பாதரசக் கணக்கில் 2 சென்டிமீட்டர். பாதரசம் விஷமாகையால் அதைச் சுமந்துகொண்டு படியேற வேண்டாம். பள்ளி ஆய்வுக்கூடத்தில் திரவமில்லாக் காற்றழுத்தமானி இருந்தால் அது போதும். கைபேசிகள் சிலவற்றிலும் காற்றழுத்தத்தை அளக்கும் உறுப்பு இருக்கிறது. ராஜகிரிப் படிகளில் நூறு நூறு படிக்கு ஒரு முறை நின்று, அழுத்தத்தையும் வெப்பநிலையையும் குறித்துக்கொண்டே போய், இறங்கும்போதும் அதே இடங்களில் மறுபடி குறித்து, வீடு திரும்பி, ஏறிய படிகளின் உயரத்துக்கு எதிராக அழுத்தத்தைக் குறித்து வரைபடம் வரைந்து, அதன் சாய்விலிருந்து காற்றின் அடர்த்தியைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இதில் மாணவர்கள் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. இரண்டாவது கருவி ஒன்று அடிவாரத்திலேயே இருக்க வேண்டும். பெரியே மலையேறிய அன்றும், கீழே மடாலயத் தோட்டத்தில் மற்றொரு குழாயை வைத்து, நாள் முழுவதும் அதைக் கவனித்துக்கொண்டிருக்கும்படி ஒரு துறவியை அமர்த்தியிருந்தார். அவருடைய குழாயில் மாறுதல் இல்லை என்று தெரிந்த பிறகே, மேலே கண்ட மாறுதல் மலையால் வந்தது என்று நிச்சயிக்க முடிந்தது. நம் தேசத்தில் இந்த எச்சரிக்கை இன்னும் அவசியம். உஷ்ணப் பிரதேசங்களில் காற்றழுத்தம் காலை பத்து மணி வாக்கில் உச்சத்துக்கு ஏறி, மாலை நான்கு மணி வாக்கில் 3 அல்லது 4 ஹெக்டோபாஸ்கல் இறங்குவது தினசரி நிகழ்ச்சி. காலையில் அடிவாரத்தில் ஒரு முறை அளந்துவிட்டு, பிற்பகலில் உச்சியில் அளந்தால், அந்தத் தினசரி இறக்கமும் மலையின் கணக்கிலேயே சேர்ந்துகொண்டு, 240 மீட்டர் மலையை 270 மீட்டர் என்று காட்டும். ஆகையால் இரண்டு மாணவர்களோ மாணவிகளோ அடிவாரத்தில் நிழலான ஓரிடத்தில் அமர்ந்து, மற்றவர்கள் ஏறி இறங்கும்வரை, கால் மணிக்கு ஒரு முறை நேரம், அழுத்தம், வெப்பநிலை ஆகிய மூன்றையும் எழுதி வர வேண்டும். மலையேறுகிறவர்களின் கடிகாரமும் அவர்களுடைய கடிகாரமும் புறப்படுமுன் ஒத்துப்பார்க்கப்பட வேண்டும். எழுதியது எதையும் ரப்பரால் அழிக்கலாகாது. தவறு என்று தோன்றினால் ஒரு கோடு கிழித்துவிட்டுப் பக்கத்தில் எழுத வேண்டும். வெயில் ஏறுமுன் புறப்பட வேண்டியிருப்பதால் பெற்றோர்கள் பிள்ளைகளை விடியற்காலையிலேயே அனுப்பிவைக்கச் சம்மதிக்க வேண்டும். கீழே அமர்ந்து குறிப்பெழுத யார் யார் முன்வருகிறீர்கள் என்பதை, இந்தக் கூட்டம் கலைவதற்கு முன்பே, உங்கள் பௌதிக ஆசிரியரிடம் பெயர் கொடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.